மேலே தண்ணி நிக்கக் கூடாது

எங்கள் வண்டி என்னைவிட ஒன்பது வயது மூத்தது. 1973 ஃபோர்டு எஃப்-250 பிக்கப். அதன் பின் தொட்டியில் அதே காலத்துக் கேம்பர் ஒன்று, தங்கிப் படுக்கிற கூண்டு, ஏறி உட்கார்ந்திருக்கிறது. டிரைவர் தலைக்கு மேலே படுக்கை, இரண்டு பர்னர் புரொபேன் அடுப்பு, ஐஸ்கட்டி போட்டு வைக்கும் பெட்டி, இறக்கிவிட்டால் கட்டிலாகும் சாப்பாட்டு மேசை, அவ்வளவுதான். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடினால் அதிர்ஷ்டம். அதனால் வருஷத்தில் ஆறேழு வார இறுதிகளுக்கு மட்டும்தான் எடுப்போம். அதுவும் செப்டம்பர் கடைசியிலிருந்து, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் மேப்பிள் மரங்கள் சிவக்கும் நாட்களில்.

இந்த வருஷம் அந்தச் சமயத்தில் நாமக்கல்லிலிருந்து அப்பா வந்திருந்தார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் மரவேலை பார்த்தவர். கேம்பருக்குள் ஏறியதும் மேல் படுக்கையின் மூலையில் இருந்த பழுப்புக் கறையைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

"கண்ணு, இத இப்படியே ஓட்டுனியா?"

எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

வெளியே மூலையை மூடியிருந்த அலுமினியப் பட்டையைக் கழற்றினோம். அடியில் தண்ணீர் புகாமல் அடைத்திருந்த பழைய புட்டிப் பசை, கோடையில் ஏரி வண்டல் வெடிப்பதுபோலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. உள்ளே மரச்சட்டம் நனைந்த ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. அப்பா உளிப்பிடியால் தட்டிக்கொண்டே போனார். 'பொத்' என்று கேட்ட வரைக்கும் அறுத்து எடுத்தார், 'டொக்' என்று கேட்ட இடத்தில் நிறுத்தினார். பழைய சட்டத்தையும் புதிய சட்டத்தையும் பாதிப் பாதி செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்து ஒட்டித் திருகினார். பிறகு தண்ணீர் புகாமல் அடைக்கிற, ரப்பர் பசை மாதிரியான பியூட்டைல் டேப்பை நீளமாக ஒட்டி, பட்டையை அதன்மேல் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு ஸ்குருவாக முடுக்கினார். டேப் பிதுங்கி வெளியே வழிந்தது. துடைக்கப் போனேன், விடவில்லை. "நாளைக்குத்தான் வெட்டோணும், இன்னும் அமுங்கும்." இரண்டு வார இறுதிகள் இதற்கே போயின. இலை கொட்டிவிடுமோ என்று எனக்குத்தான் தவிப்பு.

அக்டோபர் முதல் சனிக்கிழமை கிளம்பினோம். ஐ-93 நெடுஞ்சாலையில் வடக்கே போய், லிங்கன் ஊரில் டேங்கை நிரப்பிக்கொண்டு கேன்கமாகஸ் சாலையில் ஏறினோம். அங்கிருந்து கான்வே வரை ஏறத்தாழ 55 கிலோமீட்டருக்குப் பங்க் கிடையாது. 2,855 அடி உயரக் கணவாய் வரை இரண்டாவது கியரிலேயே ஏறியது. பின்னால் வந்தவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டேன். அந்த வேகம்தான் அந்தச் சாலைக்குச் சரி என்பது என் எண்ணம். மேப்பிள் ரத்தச் சிவப்பு, பிர்ச் மஞ்சள், நடுவே ஃபர் மரங்களின் கரும்பச்சை.

"எதுக்குக் கண்ணு இப்படி நெறம் மாறுது?" என்றார். பகல் குறையக் குறைய இலைக்காம்பின் அடியில் தக்கை மாதிரி ஒரு படலம் வளர்ந்து வழியை அடைத்துவிடும், பச்சையம் சிதைந்ததும் ஏற்கனவே உள்ளே இருந்த மஞ்சள் தெரியும், சிவப்பு மட்டும் இலைக்குள் சிக்கிய சர்க்கரையிலிருந்து புதிதாக உண்டாவது என்று சொன்னேன்.

"அப்போ மரமே தனக்கு டேப் ஒட்டிக்குது" என்றார்.

ஸ்விஃப்ட் ஆற்றின்மேல் 1858இல் கட்டிய ஆல்பனி மரப்பாலம் இருக்கிறது. கூரை போட்ட பாலம். எங்கள் வண்டியின் உயரத்துக்கு அதில் நுழைய முடியாது. இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்தோம். வந்தவர்கள் எல்லாம் ஆற்றையும் இலைகளையும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அப்பா அண்ணாந்து உத்தரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குறுக்குச் சட்டத்தை முஷ்டியால் தட்டினார். 'டொக்.' கூரை எதற்கு என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. "மேல தண்ணி நிக்காம பாத்துக்கிட்டா மரம் நம்மளவிட நாளிருக்கும்."

அன்று ராத்திரி பிளாக்பெர்ரி கிராஸிங் முகாமில் தங்கினோம். மின் இணைப்பு இல்லாத இடம். ரசம் வைத்துச் சாப்பிட்டுப் படுத்தோம். பன்னிரண்டு மணிக்குப் பிறகு மழை பிடித்தது. அலுமினியக் கூரையில் விழுகிற மழை, முகத்துக்கு ஓரடி மேலே, பேச முடியாத சத்தம். கண் விழித்தபோது அப்பா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அந்த மூலையில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"காஞ்சிருக்குது கண்ணு. நீ தூங்கு."

காலையில் காபி போடுவதற்குள் பின்பக்க ஏணியில் ஏறிவிட்டார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. கூரை முழுக்க ஈர மேப்பிள் இலைகள் ஒட்டிக்கிடந்தன. அடியில் தண்ணீர் தேங்கும் என்று துடைப்பத்தால் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தவர், அந்த மூலைக்கு வந்ததும் துடைப்பத்தை வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துப் போட்டார்.