இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமா?

நான் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. இந்த விஷயத்தை எத்தனை முறை யோசித்தாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன், அதனால் அதையே முதலில் எழுதிவிடுகிறேன்.

தன் அம்மாவின் கல்ச்சர் ரிப்போர்ட்டை, அதாவது என்ன கிருமி, எந்த மருந்துக்கு அது மசியும் என்று சொல்லும் முடிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த மகன் எங்கள் லேபுக்கு வந்து கேட்டார். கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா. வீரியமான மெரோபெனம் உட்பட வரிசையாக எல்லா மருந்துக்கும் நேரே ‘ஆர்’, ரெசிஸ்டண்ட், மருந்து வேலை செய்யாது என்று அர்த்தம். கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டினுக்கும் மசியவில்லை.

“வைரஸை விட்டு இந்தக் கிருமியைக் கொல்ற வைத்தியம் ஜார்ஜியா நாட்டுல இருக்காமே மேடம். அந்த வைரஸ் உங்க லேப்ல இருக்கா?”

“பேஷண்டுக்குக் கொடுக்கிற மாதிரி எதுவும் இல்லை தம்பி.”

சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு.

ஆனால் ஃபிரிட்ஜில் ஒரு தட்டு இருந்தது. சும்மா ஆராய்ச்சிக்காக, அந்த அம்மாவின் கிருமியையே எடுத்து, மருத்துவமனைச் சாக்கடைத் தண்ணீரை கிருமியை நிறுத்திவிட்டு வைரஸை மட்டும் விடும் 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, இரண்டையும் அகார் என்ற இளகிய ஜெல்லியில் கலந்து ஊற்றியிருந்தோம். மறுநாள் பார்த்தால், பாலாடை போலப் படர்ந்திருந்த கிளெப்சியெல்லாவுக்கு நடுவே குண்டூசித் தலை அளவில் தெளிந்த வட்டங்கள், கிருமி செத்த இடங்கள். ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி மங்கலாக ஒரு வளையம். கிருமியைக் கொல்லும் அந்த வைரஸுக்கு ஃபேஜ் என்று பெயர். அதன் வாலில் இருக்கும் டீபாலிமரேஸ் என்கிற நொதி செய்கிற வேலை அது. கிருமியைப் போர்த்தியிருக்கும் சர்க்கரை உறையை அறுத்துவிடும். ஃபேஜ் போய்ச் சேராத இடத்துக்கும் நொதி மட்டும் பரவி உறையை உரித்துக்கொண்டே போகும். அந்த வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

தட்டில் கொல்வது வேறு, உடம்பில் கொல்வது வேறு. கிருமிகள் வெடித்துச் சிதறிய அந்தக் கரைசலில் எண்டோடாக்சின், அதாவது கிருமியின் மேலுறையிலிருந்து வரும் நச்சு, நிறைந்திருக்கும். சுத்திகரிக்காமல் ரத்தத்தில் ஏற்றினால் ரத்த அழுத்தம் சரிந்து நோயாளி ஷாக்கில் போகலாம். சுத்திகரித்தாலும் வீரியம் நிற்குமா என்பது அடுத்த கேள்வி. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தீக்காய நோயாளிகளுக்கு நடந்த ஃபேகோபர்ன் சோதனையில், சேமிப்பிலேயே ஃபேஜ் வீரியம் இழந்து, நினைத்த அளவைவிட மிகக் குறைவாகவே நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நொதியை மட்டும் தனியாகப் பிரித்து மருந்தாக்கினால் இந்தச் சிக்கல் குறையும் என்று நானும் நம்பியிருந்தேன். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் ரத்தத் தொற்றுக்காக உருவாக்கிய எக்ஸிபகேஸ் என்ற மருந்து அப்படிப்பட்டதுதான். அதன் மூன்றாம் கட்டச் சோதனையைக்கூட, பலன் தெரிய வாய்ப்பில்லை என்று 2022-இல் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இதையெல்லாம் தெரிந்த ஒருத்தி, பயந்து போயிருக்கும் ஒரு மகனிடம் வேறென்ன சொல்ல முடியும்?

இப்படி எனக்கு நானே வாதாடி முடிக்கும்போதுதான் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்தது ஞாபகம் வரும். 2016-இல் டாம் பாட்டர்சன் என்பவர் மருந்துக்கு மசியாத அசினெட்டோபாக்டர் என்ற கிருமியின் தொற்றில் கோமாவுக்குப் போனார். அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டீ தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்காமல் ஃபேஜ் ஆய்வாளர்களுக்கு எழுதினார். அங்கும் யாரிடமும் மருந்து தயாராக இல்லை. ஆனால் டெக்சாஸிலும் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்திலும் இருந்தவர்கள் தேடித் தருகிறோம் என்றார்கள். இன்னொரு ஆய்வகம் சுத்திகரித்துக் கொடுத்தது. அவசர அனுமதியும் கிடைத்தது. அவர் பிழைத்தார். அந்த அம்மையார் தொற்றுநோயியல் பேராசிரியர், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர். என்னிடம் வந்தவருக்கு என்னைத் தவிர யாரைத் தெரியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்டோடாக்சின், ரத்தம், ஷாக் என்று மேலே எழுதினேனே, அந்த அம்மாவுக்கு இருந்தது ரத்தத் தொற்று இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறாத கால் புண், எலும்புவரை போனது. ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் 1923-இல் தொடங்கிய எலியாவா நிறுவனத்தின் ஃபேஜ்களைப் புண்ணில் ஊற்றிக் கழுவும் வழக்கம் அங்கே பல பத்தாண்டுகளாக உண்டு. அதற்காக வடிகட்டிய சாக்கடைக் கரைசலை நான் கொடுத்திருக்கலாம் என்று சொல்ல வரவில்லை, அதை இன்றும் செய்ய மாட்டேன். ஆனால் என் வாதத்தில் பாதி அந்தப் புண்ணுக்குப் பொருந்தாது.

“இருக்குன்னாவது சொல்லியிருக்கலாமே மேடம்” என்றாள் கூட வேலை பார்க்கும் பெண், அவர் போன பிறகு. “சொல்லிட்டு? கொடுக்க முடியாததைக் காட்டி ஆசை காட்டவா?” என்றேன். சரியான பதில் என்றுதான் இன்றும் படுகிறது. ஆனால் எதை ஆசை என்பது, எதைத் தகவல் என்பது என்பதை அவருக்குப் பதிலாக நான் முடிவு செய்துவிட்டேன். இருக்கிறது என்று தெரிந்திருந்தால் எலும்பு டாக்டரிடம் போய்க் கேட்டிருப்பார். ஜார்ஜியாவுக்கு எழுதியிருப்பார். ஒன்றும் நடக்காமலும் போயிருக்கலாம். அந்த அம்மாவை அப்புறம் வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

இப்போது எல்லா மருந்துக்கும் ‘ஆர்’ காட்டும் கிருமிகளை மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வேறு வழியே இல்லாத நோயாளிக்கு ஃபேஜ் கேட்டு விண்ணப்பிப்பது எப்படி என்று நெறிமுறைக் குழுவுக்கு ஒரு குறிப்பும் எழுதத் தொடங்கினேன். தயாரிப்பின் தரத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது என்ற வரியில் அது நிற்கிறது. அங்கே என் பெயர்தான் வர வேண்டும். எண்டோடாக்சின் அளவு பார்க்கும் வசதி எங்கள் லேபுக்கு வந்தால் போடலாம் என்று இருக்கிறேன். அந்த வசதி வேண்டும் என்ற கோரிக்கையையும் நான்தான் எழுத வேண்டும்.