நாயின் உறுமலைக் காதுகொடுத்துக் கேட்போம்

நாய் எழுப்பும் ஒலிகளில் நாம் பெரும்பாலும் கவனிப்பது குரைப்பைத்தான். என்னைக் கேட்டால், அதைவிடக் கூர்ந்து கேட்க வேண்டியது உறுமலை. நுரையீரலிலிருந்து வெளியேறும் காற்று குரல்வளையில் உள்ள குரல்நாண்களை அதிரச் செய்ய, அந்த அதிர்வு தொண்டை, வாய் வழியாக வரும்போது தனக்குரிய தன்மையைப் பெறுகிறது. உடல் பெரிதாக இருந்தால் இந்தக் குரல்பாதையும் நீளமாக இருக்கும் என்பதால், உறுமுவது எவ்வளவு பெரிய நாய் என்பதை மற்றொரு நாயால் கேட்டே ஊகிக்க முடிகிறது.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலுள்ள ஆய்வாளர் தமாஷ் ஃபராகோவும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட சோதனை ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. ஓர் எலும்பை வைத்து, அதன் அருகே ஒலிபெருக்கியை மறைத்துவைத்து, நாய் எலும்பை நெருங்கும்போது பதிவுசெய்த உறுமல் ஒன்றை ஒலிக்கவிட்டார்கள். அந்நியரை மிரட்டும்போதோ விளையாடும்போதோ எழுந்த உறுமலைவிட, தன் உணவைக் காக்கும் நாயின் உறுமலைக் கேட்டபோதுதான் நாய்கள் அதிகமாகப் பின்வாங்கின. மிரட்டல் என்பதை மட்டுமல்ல, எதற்கான மிரட்டல் என்பதையும் அவை பிரித்தறிகின்றன.

குரைப்பிலும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு. அவற்றை மனிதராலும் ஓரளவு உணர முடியும். அதே நகரில் பீட்டர் பொங்க்ராட்ஸ் குழுவினர் முடி என்னும் ஹங்கேரிய மேய்ப்பு நாய்களின் குரைப்பைப் பதிவுசெய்து மனிதர்களுக்குப் போட்டுக்காட்டியபோது, நாய் வளர்க்காதவர்கள்கூட அது எந்தச் சூழலில் எழுந்தது என்பதைக் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சரியாகவே சொன்னார்கள். தாழ்ந்த சுருதியில் அடுத்தடுத்து வந்தால் சினம். உயர்ந்த சுருதியில் விட்டுவிட்டு வந்தால் அச்சமோ ஏக்கமோ. எங்கள் வீட்டு நாயும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரைக் கண்டால் அடித்தொண்டையிலிருந்து மூச்சுவிடாமல் குரைக்கும். நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாலோ, கீச்சுக்குரலில் ஒரு குரைப்பு, சிறிது மௌனம், மீண்டும் ஒன்று எனத் தெருமுனை வரை கேட்கும்.

இவ்வளவு தெளிவாகப் பேசும் பிராணியை, உறுமினால் அடித்து அடக்குவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. "கிட்டே வராதே" என்று அது முறையாகத் தரும் எச்சரிக்கை அந்த உறுமல். அடிக்கு அஞ்சி அந்த எச்சரிக்கையை விட்டுவிட்ட நாய், அச்சம் தீராத நிலையில், முன்னறிவிப்பின்றிக் கடிக்கக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது எவ்வளவு ஆபத்து!

நம் பேச்சையும் அவை மேலோட்டமாகக் கேட்பதில்லை. 2016இல் அட்டிலா ஆண்டிக்ஸ் குழுவினர், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுத்திருக்கப் பழக்கிய 13 நாய்களுக்குப் பயிற்சியாளரின் குரலைக் கேட்கச் செய்து மூளையை ஆராய்ந்தார்கள். பாராட்டுச் சொல் பாராட்டும் தொனியிலேயே ஒலித்தபோதுதான் மகிழ்ச்சியோடு தொடர்புடைய பகுதி கூடுதலாகச் செயல்பட்டது; நாய்க்குப் பொருள்படாத சொல்லைக் கொஞ்சும் குரலில் சொன்னபோதும், பாராட்டை உணர்ச்சியின்றிச் சொன்னபோதும் அப்படி நிகழவில்லை.