கை பட்டதும் மறையும் பழுது: பழைய ஆர்கேட் போர்டுகளோடு ஒரு வேலை

நாணயம் போட்டு வீடியோ கேம் விளையாடும் ஆர்கேட் மெஷின் முழுதாகச் செத்துப்போனால் பார்ப்பது எளிது. திரை கறுப்பு, +5 வோல்ட் இல்லை, அளந்துகொண்டே போனால் எந்த இடத்தில் மின்சாரம் நிற்கிறதோ அங்கே பழுது. தலைவலி தருவது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்தான். முக்கால் மணி நேரம் ஒழுங்காக விளையாடும். திடீரென்று திரை முழுக்கக் குப்பை எழுத்துகள், ஒரு ரீசெட், மறுபடி ஒழுங்கு. பின்கதவைத் திறந்து ஏதோ ஒரு கனெக்டரைத் தொட்டால் பழுது காணாமல் போய்விடும். அப்புறம் சில வாரங்களுக்கு வராது. இந்த வேலைக்கு வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பழுது மறைந்தது, சரியாகவில்லை.

அதனால் இந்த வகைப் பழுதில் எதையும் உடனே கழற்றக் கூடாது. சிப்பை சாக்கெட்டில் அழுத்துவது, எட்ஜ் கனெக்டரை (போர்டின் ஓரத்தில் மாட்டும் பிளக்கை) பிடுங்கிச் சொருகுவது, எரேசரால் தேய்ப்பது எல்லாமே பலன் தரும். ஆனால் எந்தத் தொடர்பு கெட்டிருந்தது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். இருபது சிப்பையும் ஒரே மூச்சில் அழுத்தியவருக்கு, அடுத்த முறை பழுது வரும்போது தெரிந்திருப்பது முதல் நாளில் தெரிந்த அளவுதான். தொடாமல் அளக்கக்கூடியதை எல்லாம் அளந்து, எண்களை எழுதி வைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

முதலில் +5 வோல்ட். சப்ளையின் முனையில் அளந்து திருப்திப்பட்டால் போதாது. எட்ஜ் கனெக்டரிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் ஒரு 74 வரிசை சிப்பின் (எண் 74 என்று தொடங்கும் லாஜிக் சிப்) மேல் அளக்க வேண்டும்: 14 கால் சிப்பில் 14-க்கும் 7-க்கும் நடுவே, 16 கால் சிப்பில் 16-க்கும் 8-க்கும் நடுவே. (7490, 7493 இரண்டும் விதிவிலக்கு; அவற்றில் 5-ஆம் காலில் சப்ளை, 10-இல் கிரவுண்டு.) இந்த வரிசை சிப்கள் 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான் ஒழுங்காக வேலை செய்யும் என்று தயாரிப்பாளர் உறுதி தருகிறார். சப்ளையில் 5.05 காட்டி, சிப்பில் 4.78 காட்டினால் நடுவில் 0.27 வோல்ட் எங்கோ தொலைகிறது. போர்டு இன்று ஓடும். கேபினெட் சூடானதும், அல்லது மெயின்ஸ் கொஞ்சம் இறங்கியதும் விழும்.

தொலைந்த வோல்டேஜைத் தேடும்போது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு புரோபை சப்ளையின் +5 முனையில் பிடித்துக்கொண்டு, மற்றொன்றை வயரின் மறுமுனை, கனெக்டரின் பின், போர்டின் விரல் (அதன் ஓரத்தில் கனெக்டர் தொடும் உலோகப் பட்டை), கடைசியில் சிப்பின் கால் என்று நகர்த்திப் போகலாம். எந்தத் தாவலில் எண் குதிக்கிறதோ அந்த இடம்தான். ஓம் ரேஞ்சில் இதைப் பிடிக்க முடியாது. போர்டு 4 ஆம்பியர் இழுக்கும்போது 25 மில்லிஓம் மட்டுமே தடை இருந்தாலும் 0.1 வோல்ட் விழுந்துவிடும். சாதாரண மீட்டரின் புரோப் வயரிலேயே அதைவிட அதிகத் தடை இருக்கும். இதே சோதனையை கிரவுண்டு பக்கத்திலும் செய்ய வேண்டும். பலர் +5 பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். கிரவுண்டில் 0.2 வோல்ட் ஏறி நின்றாலும் சிப்புக்கு அதே பட்டினிதான்.

பல ஆர்கேட் போர்டுகளுக்குப் பொதுவான ஜாமா கனெக்டரில் 56 பின்கள். 1, 2, ஏ, பி நான்கும் கிரவுண்டு, 3, 4, சி, டி நான்கும் +5. மின்னோட்டம் பங்கு பிரியட்டும் என்றுதான் நான்கு நான்காக வைத்திருக்கிறார்கள். சில வயரிங்கில் ஒவ்வொன்றிலும் இரண்டுக்கு மட்டும் வயர் போட்டிருப்பார்கள். பின்னுக்குச் சுமை இரட்டிப்பாகும். 1980-இல் வந்த பேக்-மேனில் சிக்கல் வேறு விதம். அதன் 44 பின் கனெக்டர் வழியாக ஏசியே போர்டுக்குள் போகிறது, டிசியாக்குவதும் ரெகுலேட் செய்வதும் போர்டின் மேல்தான். அந்த ஏசி பின்கள் கருகிப் பழுப்பேறி இருப்பது சர்வசாதாரணம். சூட்டில் ஸ்பிரிங் இறுக்கம் இழந்த கனெக்டரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் நிலைக்காது, மாற்றியே ஆக வேண்டும். போர்டின் விரல் தங்க முலாம் என்றால் உப்புத்தாள் வேண்டாம். வெள்ளை எரேசரும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் போதும்.

இங்கே ஒரு தவறான வைத்தியம் வழக்கத்தில் இருக்கிறது. வோல்டேஜ் குறைகிறதே என்று சப்ளையின் திருகைத் திருப்பி 5.4-க்கு ஏற்றிவிடுவது. கெட்ட பின் அப்படியேதான் இருக்கும், இன்னும் சூடாகும். என்றைக்காவது அந்தத் தொடர்பு நன்றாக ஒட்டிக்கொண்டால் மொத்த 5.4-ம் சிப்களின் மேல் இறங்கும்.

அடாரியின் பழைய மெஷின்களில் ரெகுலேட்டர் போர்டிலிருந்து சென்ஸ் வயர்கள் கேம் போர்டு வரை போகும். அங்கே எவ்வளவு வோல்டேஜ் வந்து சேர்கிறது என்று பார்த்து ரெகுலேட்டர் ஈடுகட்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கனெக்டர் தேய்வதை அது மறைத்தும் விடும். பெரிய கிரவுண்டு பின் கெட்டால் மின்னோட்டம் மெல்லிய சென்ஸ் பாதை வழியே திரும்பப் பார்க்கும். ரெகுலேட்டர் போர்டில் சின்ன ரெசிஸ்டர்கள் கருகியிருந்தால் அதை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடாமல் கேம் போர்டின் கனெக்டரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

சப்ளை நிலையாக இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. மல்டிமீட்டரின் மின்-மேக்ஸ் வசதியை நம்பி விட்டுப் போவதில் பயன் குறைவு. பெரும்பாலான மீட்டர்கள் பத்தில் ஒரு வினாடிக்குக் குறைந்த சரிவைப் பார்ப்பதே இல்லை. புரோகிராம் தடம் புரள ஒரு மில்லிவினாடியே தாராளம். ஆசிலோஸ்கோப்பில் ஒரு சேனல் +5-இல், இன்னொன்று சிபியுவின் ரீசெட் காலில். டிரிகர் 4.7 வோல்ட், இறங்கும் விளிம்பு, சிங்கிள் ஷாட் (ஒரே முறை பதிந்து நிற்கும்). புரோபின் கிரவுண்டு வயர் குட்டையாக இருக்கட்டும். மெஷினை ஓடவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மெஷின் ரீசெட் ஆகியும் ஸ்கோப் டிரிகர் ஆகாமல் காத்திருந்தால் சப்ளை மேல் சந்தேகம் வேண்டாம், போர்டுக்குள் தேடலாம். டிரிகர் ஆகியிருந்தால் சப்ளையிலிருந்து பின்னோக்கி: பெரிய ஃபில்டர் கெபாசிட்டர், ஃபியூஸ் கிளிப், நாணயக் கதவுக்குப் பின்னால் மெயின்ஸை நிறுத்தும் இன்டர்லாக் ஸ்விட்ச். கடைசியில் சொன்னதை யாரும் நினைப்பதில்லை. கதவு லேசாக அதிர்ந்தால் ரீசெட் ஆகும் மெஷின்களில் அதை முதலில் பார்ப்பது நல்லது.

ரீசெட் காலைச் சும்மா பார்த்தால் ஏமாறலாம். அந்தக் காலத்து ஆர்கேட் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு வாட்ச்டாக் சுற்று உண்டு. புரோகிராம் குறித்த இடைவெளியில் அதற்கு எழுதாவிட்டால் சிபியுவை அதுவே ரீசெட் செய்யும். ஆகவே ரீசெட் வருவது ரீசெட் சுற்றின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை, புரோகிராம் ஏற்கெனவே வழி தவறியிருக்கலாம். அடாரி போர்டுகளில் வாட்ச்டாக்கை நிறுத்த ஒரு டெஸ்ட் பாயின்ட் இருக்கிறது, அதைக் கிரவுண்டோடு இணைத்தால் போதும். நிறுத்திய பின் மெஷின் ரீசெட் ஆகாமல் உறைந்து நின்றால் காரணம் ரோம், ராம், அட்ரஸ் பஸ் பக்கம்.

சப்ளை தேறிவிட்டால் அடுத்த வேலை, எப்போதாவது வரும் பழுதை எப்போதும் நிற்கும் பழுதாக்குவது. இதுதான் இந்த வேலையின் நடு எலும்பு. நிலையாக நிற்கும் பழுதை லாஜிக் புரோப் வைத்திருக்கும் யாரும் பிடித்துவிடுவார்கள். வரவழைக்க நான்கு வழி உண்டு: வோல்டேஜ், சூடு, குளிர், அழுத்தம். ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

வோல்டேஜ்தான் எளிது, போர்டைத் தொடவே வேண்டாம். சிப்பின் மேல் அளந்தபடி 4.75 வரை மெல்ல இறக்கி, பிறகு 5.2 வரை ஏற்றிப் பார்க்க வேண்டும். 4.9-க்குக் கீழே உடனே விழும் போர்டில் ஏதோ ஒரு சிப் விளிம்பில் நிற்கிறது. அந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு தேடலாம்.

சூட்டுக்கு ஹேர் டிரையர் போதும். அட்டையில் சிப் அளவுக்கு ஓட்டை வெட்டி மறைத்துக்கொண்டால் பக்கத்து சிப்கள் சூடாகாது. குளிர் ஸ்ப்ரே அடிக்கும்போது ஒரு சிப்புக்கு ஒன்றிரண்டு வினாடிக்கு மேல் வேண்டாம். போர்டு முழுக்கப் பனி படிந்தால் ஈரம் கிரிஸ்டல் சுற்றில் புதிதாகக் கோளாறு கிளப்பும், அதை அசல் பழுது என்று துரத்திக்கொண்டிருப்போம். இன்னொன்று: குளிர் அடித்ததும் சரியானால் அந்த சிப்தான் கெட்டது என்று முடிவு கட்ட முடியாது. குளிர் சுருக்குகிறது, சுருங்கும்போது காலடியில் விரிசல்விட்ட டிரை சால்டர் கூட ஒட்டிக்கொள்ளும். சிப்பின் முதுகை மட்டும் சூடாக்கி ஒரு முறை, சூடாக்காமல் அருகில் போர்டை லேசாக அழுத்தி ஒரு முறை. சூட்டுக்கு மட்டும் அசைந்தால் சிப், அழுத்தத்துக்கும் அசைந்தால் இணைப்பு.

தட்டிப் பார்க்க ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடி நல்லது. சந்தேகத்துக்கு இடமான மூலையில் தொடங்காமல் எதிர் மூலையிலிருந்து மென்மையாகத் தட்டி நெருங்கி வர வேண்டும். முதலிலேயே ஓங்கித் தட்டினால் போர்டு முழுதும் அதிரும், எங்கே தட்டினாலும் பழுது வருவதுபோலத் தோன்றும்.

இப்படித் தேடிப் போனால் முடிவில் அகப்படுவது பெரும்பாலும் சிப் இல்லை. இரண்டு உலோகங்கள் தொடும் இடம்தான். பழைய சாக்கெட்டுகளில் பல, சிப்பின் காலை ஒரு பக்கம் மட்டும் தொடும் ஒற்றை ஸ்பிரிங் வகை. ஈப்ராம்களின் (கேமின் புரோகிராம் இருக்கும் நினைவக சிப்கள்) வெள்ளி முலாம் பூசிய கால்கள் கறுத்து, தொடும் புள்ளியில் படலம் கட்டும். மாற்றுவதானால் இரு பக்கம் பிடிக்கும் சாக்கெட், அல்லது கடைந்தெடுத்த வட்டப் பின் சாக்கெட். அதற்காகப் போர்டில் உள்ள எல்லா சாக்கெட்டையும் ஒரே நாளில் பிடுங்குவதை ஏற்க முடியாது. நாற்பதாண்டு வயதான போர்டில் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு ஆபத்து. பேட் (சால்டர் ஒட்டும் செப்பு வளையம்) பெயர்ந்து வந்தால் பழைய பழுதோடு புதியதும் சேரும்.

வில்லியம்ஸின் டிஃபென்டர் (1981), ரோபோட்ரான் (1982) போர்டுகளில் 24 எண்ணிக்கையில் 4116 ராம்கள். அவற்றுக்கு +12, +5, -5 மூன்றும் வேண்டும். -5 அறுந்து +12 மட்டும் நின்றால் ராம் சாகும். எனவே அந்த மெஷின்களில் ராம் மாற்றி மாற்றிச் சலித்தவர்கள் பவர் கனெக்டரின் ஹெடர் பின்னைச் சுற்றி சால்டரில் வட்ட விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். விரிசலின் மேல் புது ஈயத்தைப் பூசினால் போதாது. பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு 60/40 ஈயத்தால் புதிதாக வைக்க வேண்டும்.

ஈப்ராமைப் புரோகிராமரில் ஒரு முறை படித்து, செக்சம் (உள்ளிருக்கும் தரவின் சரிபார்ப்புத் தொகை) சரி என்று விடுவதும் பாதி வேலைதான். புரோகிராமர் நிதானமாகப் படிக்கும், மெஷின் வேகமாகப் படிக்கும். அதனால் மந்தமான சிப் புரோகிராமரில் தப்பித்துவிடும். 4.75-இலும் 5.25-இலும் பல முறை படித்து ஒப்பிட வேண்டும். சேமித்த மின்னூட்டம் கசிந்த பிட் மேல் எல்லையில்தான் முதலில் பொய் சொல்லும்.

80-களின் நடுவிலும் பிற்பகுதியிலும் வந்த ஜப்பானியப் போர்டுகளில் ஃபுஜிட்சு தயாரிப்பு 74எல்எஸ் சிப்களுக்குக் கெட்ட பெயர் உண்டு. அவுட்புட் உள்ளே அறுந்துபோய், காலில் 0-வும் இல்லாமல் 1-ம் இல்லாமல் நிற்கும். ஸ்கோப்பில் 0.8-க்கும் 2 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு கோடு நெளிந்தால் சந்தேகப்படலாம். டேட்டா பஸ்ஸில் அப்படித் தெரிவதற்குப் பயப்பட வேண்டாம், எந்த சிப்பும் ஓட்டாத நேரத்தில் பஸ் மிதப்பது இயல்பு. அதே எண்ணுள்ள நல்ல சிப்பை மேலே ஏற்றி வைத்துப் பார்க்கும் பழக்கம் அவுட்புட் அறுந்த கேஸில் மட்டும் உதவும்; 0-வில் ஒட்டிக்கொண்ட சிப்பில் அது இரண்டையும் சண்டைக்கு விடுவது போலாகும்.

நிறம் வந்து வந்து போகிறது என்றால் போர்டைத் தொடும் முன் மானிட்டரின் இன்புட்டில் சிவப்பு, பச்சை வயர்களை இடம் மாற்றிப் பார்க்கலாம். பழுதும் இடம் மாறினால் போர்டோ வயரிங்கோ. மாறாமல் அதே நிறத்தில் நின்றால் மானிட்டர், பெரும்பாலும் பிக்சர் டியூபின் கழுத்தில் மாட்டும் நெக் போர்டில் டிரை சால்டர். எலக்ட்ரோஹோம் ஜி07 போன்ற மானிட்டர்களில் ஃபிளைபேக்கின் (உயர் வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மரின்) கால்களும் விட்த் காயிலின் கால்களும் வழக்கமாக விரிசல் விடும் இடங்கள். பிக்சர் டியூபின் ஆனோடில் 20 ஆயிரம் வோல்ட் அளவுக்கு இருக்கும், அணைத்த பிறகும் தங்கும். அதை டியூபின் வெளிக் கிரவுண்டு பின்னல் கம்பியில்தான் இறக்க வேண்டும், நெக் போர்டில் இறக்கக் கூடாது. பல மானிட்டர்களின் சேசிஸ் நேரடி மெயின்ஸில் தொங்குவதால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பெஞ்சில் ஓட்டவே கூடாது.

கேப்காமின் சிபிஎஸ்-2 போன்ற போர்டுகளில் பேட்டரி ராமில் மறைக்குறியீட்டுச் சாவி இருக்கிறது. பேட்டரியைக் கழற்றுவதோ, போர்டை மின் கடத்தும் ஃபோம் மேல் வைப்பதோ அந்தச் சாவியை அழித்துவிடும், கேம் ஓடாது. பழுது தேடுவதற்கு முன் இது நினைவில் இருக்க வேண்டும்.

சரிசெய்த பிறகு சோதிப்பதும் அதே நெம்புகோலால்தான். 4.8-இல் விழுந்த போர்டு இப்போது 4.8-இல் நிற்கிறதா? ஹேர் டிரையருக்கு அசைந்தது இப்போது அசைகிறதா? பெஞ்சில் காற்றோட்டமாக ஓடியதைக் கணக்கில் சேர்க்க முடியாது. பின்கதவை மூடி, கேபினெட்டின் சொந்தச் சூட்டில், செல்ஃப் டெஸ்ட் இருந்தால் அதைச் சுழலவிட்டு, திரையை மொபைலில் பதிவு செய்தபடி ஓட வேண்டும். எதைச் செய்தும் பழுது வரவே இல்லையென்றால் சிப்களைக் குருட்டாம்போக்கில் மாற்றுவதைவிட, காரணம் அகப்படவில்லை என்று சீட்டில் எழுதித் திருப்பிக் கொடுப்பது நேர்மை. அந்தச் சீட்டில் சப்ளை முனையில் எவ்வளவு, கடைசி சிப்பில் எவ்வளவு, கிரவுண்டு டிராப் எத்தனை மில்லிவோல்ட், தேதி என்ன என்பதையும் எழுதிக் கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவிட வேண்டும். அடுத்த முறை திறப்பவர் அதே இடங்களில் அளந்தால் எந்தத் தொடர்பு இடையில் தேய்ந்தது என்று கனெக்டரைத் தொடும் முன்பே தெரியும்.