நாலு கட்டை எடுத்துக் கொடு: எல்.கே.ஜி. நாட்குறிப்பு

ஜூன் 12, திங்கள்

பதினோரு வருஷம் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவளை எல்.கே.ஜி.க்கு மாற்றிவிட்டார்கள். "பாட்டு, விளையாட்டு, அவ்வளவுதானே" என்று ஸ்டாஃப் ரூமில் ஆறுதல் வேறு. மொத்தம் 22 பிள்ளைகள். ஒருவன் அழுது ஓய்ந்ததும், அதுவரை பொம்மை பார்த்துக்கொண்டிருந்தவள் ஏதோ ஞாபகம் வந்தவள் போல் ஆரம்பிக்கிறாள். எனக்கே அழுகை வந்தது. ஆயாம்மா மட்டும் அசரவில்லை. "இவங்களுக்கு மணி பாக்கத் தெரியாது மிஸ். அடுத்தது என்னன்னு காட்டிட்டா அடங்கிடுவாங்க" என்றார். பாட்டு, விளையாட்டு, சாப்பாடு, தூக்கம், வீடு என்று ஐந்து படம் வரைந்து கதவோரம் வரிசையாக ஒட்டினோம்.

ஜூன் 16, வெள்ளி

அழுகிறவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் போகிற வருகிற நேரமெல்லாம் வீட்டுப் படத்தைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தத் தாள் மட்டும் அழுக்கேறிவிட்டது.

ஜூன் 21, புதன்

ஜன்னலோரம் உட்காரும் பையன் ஒன்று முதல் இருபது வரை மூச்சு விடாமல் சொல்வான். அவன் அப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை. இன்று "நாலு கட்டை எடுத்துக் கொடுடா கண்ணு" என்றேன். இரண்டு கையாலும் அள்ளிக் கொண்டுவந்து கொட்டினான். சரி, எண்ணு என்றேன். வாய் ஏழில் இருக்கிறது, விரல் நான்காவது கட்டையில் நிற்கிறது. நான் விரலைப் பிடித்து எண்ண வைத்து, "அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேட்டதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்! மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அப்படியே.

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். கெல்மன், காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978-இல் எழுதிய புத்தகத்தில், எண்ணுவதற்குள் ஐந்து விதிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எண்களின் வரிசை மாறக்கூடாது. ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் விடை ஒன்றே. என் பையனிடம் முதலாவது இருக்கிறது. இரண்டாவது தடுமாறுகிறது, மூன்றாவது இன்னும் வரவில்லை. பின்னம் புரியாமல் என்னிடம் திட்டு வாங்கிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். தூக்கம் வர நேரமானது.

ஜூலை 3, திங்கள்

வாசலில் அதே அப்பா. "மூணு வாரமாச்சு மிஸ். நோட்டுல ஒரு எழுத்துகூட இல்லையே?"

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள். பிறக்கும்போது அவை பெரும்பாலும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக இறுகப் பல வருஷம் பிடிக்கும். இதையெல்லாம் கேட் வாசலில் நின்று சொல்ல முடியுமா? களிமண் உருட்டுவதும், தாள் கிழிப்பதும், மணி கோப்பதும் எழுத்துக்கான வேலைதான் சார் என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

உள்ளே போய் ட-வில் தொடங்கினேன். அடுத்தது ப, பிறகு ம. அ பிறகு வரட்டும். சுழியும் வளைவும் கோடும் ஒரே இழுப்பில் கேட்கும் எழுத்து அது. ட-வுக்கு இரண்டு கோடு போதும். நாலு பேர் அதையும் திருப்பிப் போட்டார்கள். கோபம் வரவில்லை. டம்ளரை எந்தப் பக்கம் திருப்பினாலும் டம்ளர்தான், செருப்பு செருப்புதான். திரும்பினால் தன் பெயரை இழக்கிற பொருளை இதுவரை அவர்கள் பார்த்ததே இல்லையே.

ஜூலை 6, வியாழன்

சொல்லைப் பிரித்துக் கைதட்டும் விளையாட்டு. எழுத்தைத் தொடுவதற்கு முன் காது பழக வேண்டும். எ-றும்-பு, மூன்று தட்டு. யா-னை, இரண்டு தட்டு. இரட்டைச் சடைக்காரி தட்டுவதை நிறுத்திவிட்டாள். "யானை எவ்ளோ பெருசு! அதுக்கு ஏன் மிஸ் ரெண்டு?"

வகுப்பே அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. யானைக்கு நிறையத் தட்ட வேண்டுமாம். சொல் வேறு, அது குறிக்கும் பொருள் வேறு என்பதை நாம் எந்த வயதில் பிரித்துப் பார்த்தோம்? எனக்கு ஞாபகமே இல்லை. கடைசியில் யானைக்கு இரண்டே தட்டு, ஆனால் பலமாக, என்று சமாதானமானோம்.

ஜூலை 19, புதன்

கட்டை மூலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மேசை போட்டு ஒர்க்‌ஷீட் கொடுக்கலாமே என்று மேலிடத்தில் பேச்சு. எரிச்சலாக இருந்தது. 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்கில் பிள்ளைகள் கையில் பந்தும் மரக்கட்டையும் கொடுத்துப் பள்ளி தொடங்கியவர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல். அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது பிள்ளைகளின் தோட்டம், என்று 1840-இல் பெயர் வைத்தார். 1851-இல் பிரஷ்ய அரசு அந்தப் பள்ளிகளையே தடை செய்துவிட்டது. தடை நீங்க ஒன்பது வருஷமானது. அதோடு பார்த்தால் எனக்கு வந்தது சின்னத் தொல்லைதான். மேசையை வராந்தாவில் போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை, மேசையும் வரவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

கட்டை மூலையில் சண்டை. ஜன்னல் பையனும் இரட்டைச் சடைக்காரியும். நடுவில் ஒன்பது கட்டைகள்.

எழுந்து போகப் பார்த்தேன். ஆயாம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

அவன் அவளுடைய கட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். ஒரு கட்டைக்கு ஒரு விரல், ஒரு எண். அஞ்சில் நின்றான். "உங்கிட்ட அஞ்சு. எங்கிட்ட நாலுதான். ஏமாத்துற!" ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்கவே இல்லை.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒரு கட்டையை எடுத்து அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டாள். "இப்ப உனக்கும் நாலு, எனக்கும் நாலு."

சாயங்காலம் பெருக்கும்போது அது ஒட்டடையோடு வெளியே வந்தது. ஆயாம்மா முந்தானையில் துடைத்துக் கூடையில் போட்டார். திங்கட்கிழமை மறுபடி ஒன்பது.