கண்ணாடி இறங்குது, ஏறத்தான் மாட்டேங்குது

பவர் விண்டோ வேலை செய்யலன்னு யார்கிட்ட சொன்னாலும் முதல்ல வர்ற பதில் "மோட்டார் போயிருக்கும், மாத்திடுங்க"ங்கிறதுதான். எனக்கும் அதையேதான் சொன்னாங்க, கதவைத் தொட்டுக்கூடப் பாக்காம. எனக்கு அதுல நம்பிக்கை வரல, ஏன்னா என் கார்ல வந்த பிரச்சினையே கொஞ்சம் விசித்திரம். டிரைவருக்குப் பக்கத்து சீட் கதவு. அந்தக் கதவுலயே இருக்கிற ஸ்விட்சை அமுக்கினா கண்ணாடி சர்ருனு இறங்குது. அதே ஸ்விட்சை மேல தூக்கினா ஒரு சத்தமும் கிடையாது. சரின்னு டிரைவர் கதவுல இருக்கிற மெயின் ஸ்விட்ச்ல இருந்து பாத்தா ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. இறங்கும்போது இவ்ளோ நல்லா சுத்துற மோட்டார் எப்படிங்க கெட்டுப்போன மோட்டார் ஆகும்?

உள்ள இருக்கிறது சாதாரண 12 வோல்ட் டிசி மோட்டார். ரெண்டே வயர். ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் குடுத்தா சுத்துற திசை மாறும், அவ்ளோதான் விஷயம். ஏத்துறதுக்கு ஒண்ணு இறக்குறதுக்கு ஒண்ணுன்னு தனித்தனி மோட்டார் எல்லாம் இல்ல. அதனால ஒரு பக்கம் ஜம்முனு ஓடி இன்னொரு பக்கம் சுத்தமா சத்தமே இல்லன்னா மோட்டாரை விட்டுட்டு ஸ்விட்சையும் வயரையும் பாக்கணும். மோட்டார் மாத்தச் சொல்றவங்ககிட்ட இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்க, பாதிப் பேர் கொஞ்சம் யோசிப்பாங்க.

டோர் பேடை, அதாவது கதவோட உள்பக்க மூடியை, கழட்டுறதுக்கு முன்னாடியே காதையும் கண்ணையும் வச்சு நிறைய கண்டுபிடிக்கலாம். இருட்டுன அப்புறம் கார்ல உக்காந்து, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம இக்னிஷன் மட்டும் ஆன் பண்ணி, மேல இருக்கிற ரூம் லைட்டைப் போட்டுட்டு, ஸ்விட்சை அமுக்கிப் பாருங்க. லைட் லேசா மங்குச்சுன்னா கரண்ட் மோட்டார் வரைக்கும் போகுது, மோட்டார் சுத்தணும்னு பாக்குது ஆனா முடியல, அப்போ எங்கயோ இறுகிப் போயிருக்கு இல்லன்னா மோட்டாரே ஜாம். லைட் கொஞ்சம்கூட அசையலன்னா கரண்ட் ஓடவே இல்ல, அப்போ பெரும்பாலும் ஃபியூஸ், ஸ்விட்ச், வயர் இதுல ஒண்ணு, சில சமயம் மோட்டாருக்கு உள்ளயே தொடர்பு விட்டிருக்கும். எல்இடி லைட்டா இருந்தா மங்குறது சரியா தெரியாம போகலாம், அதையும் மனசுல வச்சுக்கோங்க. மோட்டார் உய்ய்யினு சுத்துற சத்தம் கேக்குது, கண்ணாடி மட்டும் நகரலன்னா பெரும்பாலும் மோட்டாருக்கு ஒண்ணும் ஆகல, அதுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருந்து கண்ணாடியை ஏத்தி இறக்குற அமைப்பு, அதாவது ரெகுலேட்டர்தான் போச்சு. இதையெல்லாம் பாக்க ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட வேணாம்.

அப்புறம் அந்த லாக் பட்டன். டிரைவர் கதவுல, மத்த கண்ணாடிகளைப் பூட்டுறதுக்குன்னு ஒரு சின்ன பட்டன் இருக்கும், கை பட்டு அமுங்கிட்டா மத்த கதவு ஸ்விட்ச் எதுவும் வேலை செய்யாது. சிரிப்பா இருக்கும் ஆனா மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்க, இதுக்குன்னே வண்டியைக் கொண்டு வர்றவங்க உண்டு. ஃபியூஸ் போயிருந்தா பெரும்பாலும் ஒண்ணுக்கு மேல கண்ணாடி சேந்து நிக்கும், ஒண்ணே ஒண்ணு மட்டும் நின்னா ஃபியூஸா இருக்க வாய்ப்பு கம்மி, ஆனா சில வண்டில ஒவ்வொரு கதவுக்கும் தனி ஃபியூஸ் இருக்கு, அதனால மூடியைத் திறந்து ஒரு பார்வை பாத்துடுறது நல்லது.

இப்போ என் கார் கதைக்கு வர்றேன், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பழைய மாதிரி வயரிங்ல டிரைவர் ஸ்விட்ச்ல இருந்து ரெண்டு வயர் பக்கத்துக் கதவு ஸ்விட்சுக்குப் போகும், ஒண்ணு ஏத்துறதுக்கு ஒண்ணு இறக்குறதுக்குன்னு வச்சுக்குவோம். யாரும் எதையும் அமுக்காதப்ப அந்த ரெண்டு வயரும் டிரைவர் ஸ்விட்ச்ல எர்த் ஆகி நிக்கும். பக்கத்து சீட்ல இருக்கிறவர் தன்னோட ஸ்விட்சை அமுக்கினா மோட்டாரோட ஒரு முனைக்கு அந்தக் கதவுக்குன்னு வர்ற தனி சப்ளை போகும், இன்னொரு முனை டிரைவர் ஸ்விட்ச் வழியா சுத்திப் போய்த்தான் எர்த் ஆகும். அப்போ "இறக்குற" வயர் நடுவுல அறுந்துட்டா என்ன ஆகும்? டிரைவர் ஸ்விட்ச்ல எதை அமுக்கினாலும் ரெண்டு வயரும் வேணும், ஒண்ணு இல்ல, அதனால ஏறவும் ஏறாது இறங்கவும் இறங்காது. கதவு ஸ்விட்ச்ல இறக்குனா சப்ளை அங்கேயே இருக்கு, எர்த் "ஏத்துற" வயர் வழியா கிடைச்சிடும், சர்ருனு இறங்கும். அதே ஸ்விட்ச்ல ஏத்தப் பாத்தா எர்த் ஆக வேண்டியது அறுந்துபோன வயர் வழியா, அதனால ஏறாது. என் கார் பண்ணிக்கிட்டிருந்தது அச்சு அசலா இதேதான். ஒரு பேப்பர்ல இதை வரைஞ்சு பாத்தப்ப கிடைச்ச சந்தோஷம் இருக்கே, அதை வீட்ல யாருக்கும் புரிய வைக்க முடியல.

வயர் அறுந்திருக்குன்னா எங்க அறுந்திருக்கும்? கதவு கீல் பக்கத்துல, பாடிக்கும் கதவுக்கும் நடுவுல மடிப்பு மடிப்பா ஒரு கருப்பு ரப்பர் குழாய் இருக்கும் பாருங்க, அதுக்குள்ளதான். கதவைத் திறக்குறப்ப ஒரு தடவை மூடுறப்ப ஒரு தடவை அந்த வயரெல்லாம் வளைஞ்சு நிமிரும். வருஷக்கணக்கா வளைஞ்சதுல உள்ள இருக்கிற செப்புக் கம்பி ஒவ்வொரு இழையா அறுந்துகிட்டே வரும். உறுதி பண்ணிக்க சுலபமான வழி, ஸ்விட்சை ஏத்துற பக்கம் பிடிச்சுக்கிட்டே கதவை மெதுவா திறந்து மூடிப் பாக்கணும். என் கதவு பாதி திறந்த நிலையில ஒரு இடத்துல கண்ணாடி படக்குனு கொஞ்சம் ஏறி நின்னுச்சு. அதே கோணத்துல கதவைப் பிடிச்சுக்கிட்டு முழுசா ஏத்திட்டேன், மழை வந்தாலும் இனி கவலை இல்ல. ஒரு எச்சரிக்கை, இந்த மாதிரி ஆட்டிப் பாக்குறப்ப கண்ணாடி எப்ப வேணா நகரும், விரலை ஃபிரேம் மேல வைக்காதீங்க.

பேட்டரி டெர்மினலைக் கழட்டிட்டு ரப்பர் குழாயோட பாடி பக்க முனையை நெம்பி வெளிய இழுத்தேன். வெளிய இருந்து பாத்தா எல்லா வயரும் நல்லாவே இருக்கு. ஆனா ஒவ்வொண்ணா ரெண்டு விரல்ல பிடிச்சு மெதுவா இழுத்தா, ஒரு வயர் மட்டும் ஒரு இடத்துல ரப்பர் பேண்ட் கணக்கா நீளுது. உள்ள செம்பு இல்ல, வெறும் தோல் மட்டும் பிடிச்சுக்கிட்டு இருக்கு. தோலை உரிச்சா கம்பி முனை பச்சை பூத்துக் கிடக்கு, தண்ணி இறங்கியிருக்கு. பக்கத்து வயர் இன்னொண்ணும் பாதி இழை போன நிலைமை, அதையும் சேத்து முடிச்சாச்சு, இல்லன்னா அடுத்து அதுதான்.

இங்க நிறைய பேர் அறுந்த ரெண்டு முனையையும் முறுக்கி டேப் சுத்திட்டு கிளம்பிடுவாங்க, கொஞ்ச நாள்ல திரும்ப வரும். சாலிடர் வச்சாலும் சாலிடர் ஏறின இடம் விறைப்பாயிடும், அது வளையுற இடத்துலயே இருந்தா அதோட ஓரத்துல மறுபடி அறும். அதனால பழைய வயரை ரெண்டு பக்கமும் நல்ல செம்பு வர்ற வரைக்கும் வெட்டிட்டு, அதே தடிமன்ல நிறைய மெல்லிய இழை உள்ள மிருதுவான வயர் ஒரு துண்டை நடுவுல சேத்து, ரெண்டு ஜாயிண்டும் வளையாத இடத்துல, அதாவது ஒண்ணு பாடிக்குள்ள ஒண்ணு கதவுக்குள்ள போற மாதிரி வச்சுக்கணும். ஜாயிண்ட் போடுறதுக்கு முன்னாடியே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூடு காட்டுனா சுருங்கி ஜாயிண்டை மூடிக்கிற குழாய்) வயர்ல கோத்து வைங்க, சாலிடர் பண்ணிட்டு ஸ்லீவைத் தேடுறது இந்த உலகத்துலயே எரிச்சலான வேலை. ரெண்டு மூணு வயர் சேக்குறதா இருந்தா ஜாயிண்ட் எல்லாம் ஒரே இடத்துல குவியாம முன்ன பின்ன தள்ளிப் போடுங்க, அப்பத்தான் ரப்பர் குழாய் திரும்ப உள்ள போகும்.

மல்டிமீட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாக்கூட மீட்டர்ல 12 வோல்ட் காட்டும், ஆனா மோட்டார் இழுக்கிற கரண்டை அந்த ஒத்தை இழை தாங்காது. அதனால மோட்டார் கப்ளர்ல, அதாவது வயரை மோட்டார்ல சொருகுற இடத்துல, மீட்டர் மட்டும் வச்சுப் பாத்துட்டு "சப்ளை வருது, மோட்டார்தான் போச்சு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஒரு ஹெட்லைட் பல்பை அங்க மாட்டிப் பாருங்க, பளிச்சுன்னு எரிஞ்சாத்தான் சப்ளை நல்லா இருக்குன்னு அர்த்தம். நிறைய புது வண்டிகள்ல கதை வேற, அங்க ஸ்விட்ச் சிக்னல் மட்டும்தான் குடுக்கும், மோட்டாரோடவே எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். கப்ளர்ல ரெண்டு பின்னுக்கு மேல இருந்தா நேரடியா பேட்டரி வயரைக் குடுத்துப் பாக்குற வேலையே வேணாம், மாட்யூல் போயிடும்.

நிஜமாவே மோட்டார் போறதும் உண்டு, இல்லன்னு சொல்லல. ஸ்விட்சை அமுக்கிக்கிட்டே டோர் பேட்ல மோட்டார் இருக்கிற இடத்துல கையால தட்டுங்க, தட்டும்போது மட்டும் ஓடுனா பெரும்பாலும் மோட்டாருக்குள்ள கரண்டைக் கொண்டு போற கார்பன் துண்டு தேஞ்சிருக்கு, கூடிய சீக்கிரம் மாத்தணும். ஆனா இன்னொண்ணு, ஸ்விட்சை ரொம்ப நேரம் விடாம அமுக்கினா சூடாகி மோட்டார் தானாவே நின்னுக்கும், சில நிமிஷம் விட்டா திரும்ப ஓடும். அது கோளாறு இல்ல, பாதுகாப்பு.

மோட்டாரோ ரெகுலேட்டரோ போயிருந்தா டோர் பேடைக் கழட்டியே ஆகணும். ரெகுலேட்டர் போனா எப்படி இருக்கும்னு சொல்றேன். ஒரு சொந்தக்காரர் வண்டில பாத்தேன், பின் கதவுக் கண்ணாடி டமால்னு உள்ள விழுந்துடுச்சு, பேடைப் பிரிச்சா பிளாஸ்டிக் டிரம்ல இருந்து கேபிள் பிரிஞ்சு சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி சுருண்டு கிடக்கு. கண்ணாடியைப் பிடிக்கிற பிளாஸ்டிக் துண்டும் ஒடைஞ்சு போச்சு. இதை ஒட்டுப் போடாதீங்க, ரெகுலேட்டரை முழுசா மாத்துறதுதான் சரி, மோட்டார் நல்லா இருந்தா அதையே புதுசுல மாட்டிக்கலாம்.

பேட் கழட்டுறப்ப ஸ்க்ரூ எல்லாம் ஒளிஞ்சுகிட்டு இருக்கும், கைப்பிடி மூடிக்குப் பின்னாடி, லாக் நெம்புகோல் குழிக்குள்ள, கையை வைக்கிற பள்ளத்துல இருக்கிற ரப்பருக்கு அடியில. பலம் போட்டும் ஒரு இடத்துல வரலன்னா அங்க இன்னும் ஒரு ஸ்க்ரூ இருக்குன்னு அர்த்தம். கீழ் ஓரத்துல கையை விட்டு கிளிப்பை ஒவ்வொண்ணா இழுத்துட்டு அப்புறம் பேடை மேல தூக்கி எடுக்கணும். கிளிப் சிலது ஒடையத்தான் செய்யும், முன்னாடியே கொஞ்சம் வாங்கி வச்சுக்கோங்க. உள்ள கருப்பு கோந்துல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காம மெதுவா உரிங்க. மழைத் தண்ணி கண்ணாடி ஓரமா கதவுக்குள்ள இறங்கி கீழ இருக்கிற ஓட்டை வழியா வெளிய போற மாதிரிதான் கதவே செஞ்சிருக்காங்க, அந்த ஷீட் இல்லன்னா தண்ணி காருக்குள்ள உங்க காலடி மேட் மேல வந்துடும்.

கண்ணாடியை மேல தூக்கி மாஸ்கிங் டேப்பை ஃபிரேமுக்கு மேல உள்ளயும் வெளியயும் போட்டு ஒட்டிடுங்க. ஓரத்துல இரும்பு பட்டா பொடிப்பொடியா போற வகைக் கண்ணாடி அது. கதவுத் தகடு ஓரம் கத்தி, கிளவுஸ் போடாம கையை விடாதீங்க. கத்தரி மாதிரி மடங்குற ரெகுலேட்டரா இருந்தா ஸ்பிரிங் முறுக்கேறி இருக்கும், மோட்டாரைக் கழட்டுன நிமிஷம் கை மேல அடிக்கும், முன்னாடியே கட்டி வச்சிடணும். மஞ்சள் கப்ளர் கண்ணுல பட்டா ஏர்பேக் சமாச்சாரம், தொடாதீங்க.

கண்ணாடி மெதுவா தவழ்ந்து ஏறுதுன்னா பெரும்பாலும் கண்ணாடி ஓடுற ரப்பர் பீடிங்ல அழுக்கு. துணியைச் சுத்துன பட்டையான குச்சியால பள்ளத்தைத் துடைச்சிட்டு சிலிகான் ஸ்ப்ரே அடிங்க, எண்ணெயோ கிரீஸோ வேணாம், தூசி ஒட்டும், ரப்பரும் உப்பிடும்.

எல்லாம் முடிஞ்சு பேட்டரியைத் திரும்ப மாட்டுனதும் ஒரு தடவை அமுக்கினா முழுசா ஏறுற அந்த ஆட்டோ வேலை செய்யாம போகலாம், பயப்பட வேணாம். நிறைய வண்டில கண்ணாடியை முழுசா ஏத்திட்டு ஸ்விட்சை இன்னும் சில செகண்ட் விடாம பிடிச்சா திரும்பப் பழகிக்கும், உங்க வண்டிக்கு எப்படின்னு ஓனர்ஸ் மேனுவல்ல இருக்கும். அதைப் பண்ற வரைக்கும் கை மாட்டினா தானா இறங்குற பாதுகாப்பும் வேலை செய்யாம இருக்கலாம், அதனால பின்னாடி குழந்தைங்க உக்காந்திருந்தா முதல்ல அந்த லாக் பட்டனை அமுக்கி வச்சிடுங்க.