எக்ஸ்ரே எங்கே?

தங்கைக்கு அப்போது 26 வயது. கணைக்காலின் முன்பக்கம் ஆறு மாதமாக ஒரு வீக்கம். ஸ்கூட்டி ஸ்டாண்டு இடித்தது என்று அவள் சொன்னாள், அம்மா தைலம் தேய்த்தார். எக்ஸ்ரேயில் எலும்பின் நடுப்பகுதி சோப்பு நுரை போலக் குமிழ் குமிழாகத் தெரிந்தது. ஊசியால் துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட்டில் ‘மெட்டாஸ்டேடிக் கார்சினோமா’ என்றிருந்தது. அதாவது வேறு உறுப்பிலிருந்து எலும்புக்குப் பரவிய புற்றுநோய். கெரட்டின் பாசிட்டிவ் என்பதுதான் காரணம். தோல், குடல், மார்பகம் போன்றவற்றின் எபிதீலியல் செல்களில், அதாவது உறுப்புகளின் மேற்பரப்பையும் உட்புறத்தையும் மூடும் செல்களில், இருக்கும் புரதம் அது. எலும்பில் அதற்கு வேலையே இல்லை.

அப்புறம் மூலத்தைத் தேடும் படலம். மார்பக ஸ்கேன், தைராய்டு ஸ்கேன், எண்டோஸ்கோபி, கடைசியில் உடல் முழுக்கப் புற்றுநோயைத் தேடும் பெட் சிடி ஸ்கேன். காலைத் தவிர எங்கும் ஒன்றுமில்லை. “மூலம் சில சமயம் அகப்படாது, கீமோ ஆரம்பிக்கலாம்” என்றார்கள்.

“வேற எங்கயுமே இல்லாதது இங்க மட்டும் எப்படிண்ணே வந்துச்சு?” என்று கேட்டாள் தங்கை. என்னிடம் பதில் இல்லை.

பயாப்ஸி ஸ்லைடுகளையும், துணுக்கைப் பதித்து வைத்திருந்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்க மூன்று நாள் ஆனது. அவற்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனேன். எலும்புக் கட்டிகளையே பார்க்கும் பேத்தாலஜி டாக்டர் அம்மா மைக்ராஸ்கோப்பில் குனியும் முன்பே, “எக்ஸ்ரே எங்கே?” என்றார். அது வீட்டு பீரோ மேல் கிடந்தது. வீட்டில் என் அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க, பக்கத்து வீட்டுப் பையன் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

போனைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்லைடைப் பார்த்தார். அடமான்டினோமா. எலும்பிலேயே தொடங்கி, எபிதீலியல் செல் வேஷம் கட்டும் அபூர்வக் கட்டி. பெரும்பாலும் கணைக்கால் எலும்பில்தான் வருமாம். தாடையில் வரும் பல் எனாமல் கட்டி போலத் தெரிந்ததால் 1913-இல் வைத்த பெயர். இதற்குக் கீமோ பெரிதாகக் கேட்காது, அறுவைதான் வழி. முதல் லேபைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்குப் போனது ஒரு துணுக்கும் ‘கால் கட்டி’ என்ற ஒரு வரியும்தான்.

அறுவை அன்று தங்கை தியேட்டரில் மயக்கத்தில் இருந்தாள். வெட்டியெடுத்த எலும்புத் துண்டு மட்டும் உறையிட்ட டப்பாவில் லிப்டில் இறங்கிக் கதிர்வீச்சு அறைக்குப் போனது. 50 கிரே அளவு கதிர்வீச்சு கொடுத்து, கட்டிச் செல்களைக் கொன்று, அதே எலும்பைத் திரும்ப வைத்து பிளேட் போட்டார்கள். ஊன்றுகோலை விட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

பத்து வருடம் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டக்கூடிய நோய் என்பதால் நெஞ்சு ஸ்கேன் தொடர்கிறது. அடுத்தது தை மாதம். எக்ஸ்ரே கவரை இப்போது அவளே தூக்கிக்கொண்டு வருகிறாள், என்னை நம்புவதில்லை.