அதிபரை முன்னாள் ஆக்கிய கதை

1973ஆம் ஆண்டு மேல்வகுப்பு மாணவர் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். மன்றத்தின் யாப்பு, அதாவது அதன் விதிகள், ஆங்கிலத்தில் நாலு தாள். அதைத் தமிழாக்கி விளம்பரப் பலகையில் ஒட்டும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் பக்கத்திலேயே பள்ளிக்கூட அதிபரை 'எக்ஸ் ஒஃபீசியோ பிரெசிடென்ற்' என்று போட்டிருந்தார்கள். எனக்குச் சந்தேகமே வரவில்லை. பேப்பரில் எக்ஸ் மினிஸ்டர் என்றால் முன்னாள் மந்திரிதானே! 'முன்னாள் தலைவர்: அதிபர்' என்று வடிவான கையெழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்.

மாலையில் அந்தப் பக்கம் வந்த அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தார். "என்னை எப்ப விலத்தினனீங்கள்?" அவ்வளவுதான் கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

ஆங்கில மாஸ்டரிடம் ஓடினேன். இளவயதில் லத்தீன் படித்தவர் அவர். "தம்பி, எக்ஸ் எண்டால் பழசு எண்டு ஆர் உமக்குச் சொன்னது? லத்தீனில எக்ஸ் எண்டால் 'இருந்து'. ஒஃபீசியோ, பதவி. அதிபர் பதவியிலயிருந்து தானா வாற தலைமை அது. நாளைக்கு வேற ஆள் அதிபரா வந்தால் அவர்தான் தலைவர். ஒருத்தரும் வோட்டுப் போடத் தேவையில்லை."

அப்படியென்றால் முன்னாள் மந்திரி எங்கிருந்து வந்தார் என்று கேட்டேன். அதுவும் அதே எக்ஸ்தானாம். பிற்கால ரோமில் கொன்சல் என்ற உயர் பதவியிலிருந்து இறங்கியவரை 'எக்ஸ் கொன்சுலே' என்றார்களாம். ஒருவரைப் பதவியின் பேரால் உள்ளே கூட்டிவரும் அதே சொல் இன்னொருவரை வெளியே அனுப்பியும் விடுகிறது. அன்றிரவே புதிய தாளில் 'பதவிவழித் தலைவர்' என்று எழுதி ஒட்டினேன்.

அந்தப் பாடம் லண்டனில் நன்றாக உதவியது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு கடிதத்தில் 'எக்ஸ் கிரேஷியா' கொடுப்பனவு என்றிருந்தது. சட்டப்படி கடமை இல்லை, தயவாகத் தருகிறோம் என்பது பொருள். மாஸ்டர் இல்லாவிட்டால் அதை 'முன்னாள் தயவு' என்று வாசித்திருப்பேன்.

பிறகு நம் சங்கத்துக் கூட்டமொன்றில் சண்டை வந்தது. எக்ஸ் ஒஃபீசியோவாக வந்தவருக்கு வோட்டு இல்லை என்று பாதிப்பேர் சாதித்தார்கள். பலர் இன்றும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் அந்தச் சொல் ஒருவர் எந்த வழியாக உள்ளே வந்தார் என்பதை மட்டும்தான் சொல்கிறது. இந்திய அரசியலமைப்பின் 64ஆவது உறுப்புரைப்படி துணைக் குடியரசுத் தலைவர்தான் ராஜ்யசபாவின் எக்ஸ் ஒஃபீசியோ தலைவர். 1952இல் அந்தக் கதிரையில் முதலில் அமர்ந்தவர் ராதாகிருஷ்ணன். வோட்டுகள் சமமாகும்போது மட்டும் தலைவர் வோட்டுப் போடலாம் என்பது 100ஆவது உறுப்புரையில் தனியாக எழுதியிருப்பதால் வந்த கட்டுப்பாடு. கூட்ட நடைமுறைக்கு அமெரிக்காவில் 1876 முதல் பலரும் புரட்டும் ரொபர்ட்ஸ் ரூல்ஸ் புத்தகமும், யாப்பு தடுக்காவிட்டால் அப்படி வந்தவருக்கும் வோட்டு உண்டு என்றே சொல்கிறது. நம் யாப்பைப் புரட்டிப் பார்த்தோம், தடை ஒன்றும் இல்லை. சரி, சண்டை முடிந்தது, தேநீர் வந்தது.

போன வருடத்தோடு என் தலைவர் பதவிக்காலம் முடிந்தது. விலகிய தலைவர் அடுத்த ஆண்டுச் செயற்குழுவில் எக்ஸ் ஒஃபீசியோ என்கிறது நம் யாப்பு. ஆக, ஐம்பது வருடத்துக்கு முன் அதிபரின் பெயரில் நான் போட்ட 'முன்னாள்', பதவிவழி இரண்டும் இப்போது என் பெயருக்குப் பொருந்தியிருக்கின்றன. இந்த மலரின் முதல் பக்கப் பட்டியலை நானே இரண்டு தரம் மெய்ப்புப் பார்த்தேன்.